எட்டும் தூரம்



நம் பங்கின் பெரியவர் ஒருவர், கால் நூற்றாண்டுக்கு முன் மகனுக்காக வாங்கிய மார்க்ளின் ரயிலைப் பேரனுக்காக மீண்டும் ஓட்ட விரும்பினார். அவருடைய நிலவறைக்கு ஏற்ற மேசைச் சட்டகத்தைக் கணினியில் வரைந்து தருவதாக நான் வாக்களித்தேன். (ரயில் பித்து எனக்கு இளமையிலேயே உண்டு, இன்னும் தெளியவில்லை.)

'ஸ்கார்ம்' மென்பொருளில் நான்கு சுவரையும் ஒட்டி மேசை, நடுவில் நின்று இயக்க இடம் என்று வரைந்தேன். முப்பரிமாணக் காட்சியில் ரயில் அழகாக ஓடியது. மென்பொருள் ஒரு குறையும் சொல்லவில்லை. பெரியவர் திரையை நெடுநேரம் பார்த்தார்.

"ஃபாதர், நான் இதுக்குள்ள எப்பிடிப் போறது? முழங்கால் மடங்காது."

வாசலை மறித்த பலகைக்கடியில் தவழ்ந்தே உள்ளே நுழைய முடியும். அவரது முழங்காலை நான் எண்ணவேயில்லை.

அன்றிரவே அழித்து, வாசல் பக்கம் திறந்த 'ப' வடிவில் வரைந்தேன். இரண்டாம் ஆர வளைவு 437.5 மில்லிமீட்டர், ரயில் திரும்புவதற்கே 87.5 சென்டிமீட்டர் வேண்டும். ஓரம் சேர்த்தால் மேசை ஒரு மீட்டர் அகலம். கையோ 75 சென்டிமீட்டருக்கு மேல் சிரமமின்றி எட்டாது. சுவரோரம் தடம்புரண்டால் யார் எடுப்பது? ஆகவே திரும்பும் முனைகளை இரு பக்கமிருந்தும் எட்டும்படி அமைத்து, நடுப்பகுதியை 40 சென்டிமீட்டராகக் குறுக்கினேன்.

உயரம் மட்டும் முடிவாகவில்லை. தாத்தாவின் இடுப்புக்கு 110 சென்டிமீட்டர் நலம். பேரனுக்கோ அது நெற்றிக்கு மேல்.

சனிக்கிழமை பலகை அறுக்கிறோம். மரவேலை தெரிந்தவர்கள் வாருங்கள். எனக்கு வரைய மட்டுமே தெரியும்.