கம்பி வழியா, வான் வழியா?

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். கட்டில் வாங்குவதென்றால் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் ஊர் ஊராக விசாரிக்கிறோம். ஆனால், மாலை முழுதும் நம் கூடத்தில் குந்திக்கொண்டு, குழந்தைகளுக்குக் கதை சொல்லி, அன்னையரை அழவைத்து, தந்தையரைச் சினங்கொள்ளச் செய்யும் தொலைக்காட்சி, எந்த வழியாக வீட்டுக்குள் வரவேண்டும் என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை! "அடுத்த வீட்டில் டிஷ் வைத்துவிட்டார்கள், நாமும் வைப்போம்" என்கிறார் ஒருவர். "அந்த நாளிலிருந்து கேபிள்தான், அதுவே இருக்கட்டும்" என்கிறார் மற்றொருவர். முன்னது போட்டி, பின்னது பழக்கம். இரண்டிலும் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது, தோழர்களே?

சென்ற ஆண்டு, காவிரிப் படுகையிலுள்ள சிறு நகரொன்றில் வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். பள்ளியாசிரியர் ஊதியத்தில் பிடிக்கத் தக்க வீடு. சாமான்களை இறக்கிவைத்த மறுநாளே வினா எழுந்தது: கேபிளா, டிஷ்ஷா?

தந்தையார் டிஷ் என்றார். காரணம் கேட்டோம். எதிர்வீட்டு மாடியில் இருக்கிறதாம்! சிற்றப்பா கேபிள் என்றார். ரீசார்ஜ் செய்ய மறந்தால் டிஷ் பாதிப் படத்தில் நின்றுவிடுமாம்! ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா மூன்றாவது கருத்தொன்றை மொழிந்தார்: "டிஷ் வைக்கிறதா இருந்தா, தெக்குப் பக்கம் பாத்து வைக்காதே தம்பி. அது எமன் திசை. ஈசானிய மூலையைப் பாத்து வை. ஆளை ராகு காலம் கழிச்சு வரச்சொல்."

பெரியப்பாவிடம் நமக்கு மட்டற்ற அன்புண்டு. ஆனால், அன்பு வேறு, அறிவு வேறு. வானில் நிற்கும் செயற்கைக்கோள் எங்கே நிற்கிறது? நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் சுற்றும் கோள், புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆகவே, கீழிருந்து பார்ப்போர்க்கு அது அசையாமல் ஓரிடத்தில் நிற்பதாகவே படுகிறது. அப்படி மூன்று கோள்கள் நின்றால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945ஆம் ஆண்டே எழுதிக் காட்டினார். தமிழகமோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இருக்கிறது. எனவே இங்கு வைக்கும் எந்தக் கிண்ணமும் தெற்குப் பக்கமாகத்தான் நோக்கியாக வேண்டும். சில தென்கிழக்கே, சில ஏறக்குறைய நேர் தெற்கே. ஈசானிய மூலையைப் பார்த்து வைத்தால் ஈசன் தெரிவாரோ என்னவோ, படம் தெரியாது! இராகு காலத்தில் அந்தக் கோள் ஓய்வெடுப்பதும் இல்லை, எமகண்டத்தில் இறங்கி ஓடுவதும் இல்லை.

இதைச் சொன்னதும் பெரியப்பா சிரித்துவிட்டார். சினவாமல் சிரித்தாரே, அதுவே அவருடைய பெருந்தன்மை.

மூடநம்பிக்கை ஒன்று போயிற்று. மூடநம்பிக்கை இல்லாத இடத்திலும் குழப்பம் இருந்தது. கேபிள் வேறு, செயற்கைக்கோள் வேறு என்று நம்மவர் எண்ணுகின்றனரே, அது மெய்யா? அன்று! கேபிள் நிறுவனத்தின் தலைமை நிலையத்துக்குச் சென்று பாருங்கள். அங்கே வரிசை வரிசையாகப் பெரும் பெரும் கிண்ணங்கள் வானை நோக்கி நிற்கும். அவையும் செயற்கைக்கோளிலிருந்தே சேனல்களைப் பிடிக்கின்றன. பிடித்ததைக் கண்ணாடி இழையிலும் செப்புக் கம்பியிலும் ஏற்றித் தெருத் தெருவாக அனுப்புகின்றன. வானம் பொழிவது ஒரே மழை. அதை ஏரியில் தேக்கி வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ச்சுவது கேபிள். அவரவர் முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்துக்கொள்வது டிஷ். வேறுபாடு கடைசி வழியில்தான் இருக்கிறது. ஆகவே, ஆராய வேண்டியதும் அந்தக் கடைசி வழியைத்தான்.

ஆராய்ச்சி என்றால் ஏடு வேண்டும், கணக்கு வேண்டும். முந்தைய குடியிருப்பில் நம் வீட்டில் கேபிள் இருந்தது, பக்கத்து வீட்டில் டிஷ் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு அடைமழை மாதங்களிலும், எங்கே எப்போது படம் நின்றது என்பதைத் தங்கையின் பழைய நோட்டொன்றில் குறித்து வைத்தோம். டிஷ் வீட்டில் 11 முறை நின்றது. ஒவ்வொரு முறையும் கால் மணி, அரை மணிக்குள் திரும்பிவிட்டது. கேபிள் வீட்டில் 4 முறைதான் நின்றது. ஆனால் அவற்றுள் ஒருமுறை போனது வர மூன்று நாளாயிற்று!

காரணம் என்ன? டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டர்தான். கொட்டும் மழையின் துளிகள் அதை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. மேகம் கலைந்தால் படம் தானே வந்துவிடும். கேபிள் நிலையத்துப் பெருங்கிண்ணங்கள் பெரும்பாலும் அதனினும் நீண்ட அலையைப் பிடிப்பவை. அவற்றை மழை அவ்வளவாக அண்டுவதில்லை. ஆனால், கம்பிக்கு வேறு பகைவர் உண்டு. முறிந்து விழும் கிளை ஒன்று, சாலை தோண்டும் எந்திரம் ஒன்று, தெருமுனைக் கருவிக்கு வரும் மின்சாரம் நின்றுபோவது ஒன்று. நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து பயன் என்ன, தெருமுனையில் இல்லையே! 2018 நவம்பரில் கஜா புயல் இப்பகுதியில் புகுந்து மின்கம்பங்களைச் சாய்த்தபோது, அவற்றில் தொங்கிய கேபிள்களும் சேர்ந்து மண்ணில் புரண்டதை மறக்க முடியுமா? மாடியிலிருந்த கிண்ணங்கள் மட்டும் தப்பின என்று எண்ண வேண்டாம். அவற்றுள் பல பறந்துபோய்ப் பக்கத்துத் தோப்பில் கிடந்தன.

இனிப் பணக் கணக்கு. தமிழ்நாட்டில் 2006 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தால் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி குடிசைக்குள்ளும் நுழைந்தது. பெட்டி இலவசம், பெட்டிக்கு மாதந்தோறும் போடும் தீனி இலவசமன்று. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தபோது கூலித் தொழிலாளர் வீடுகளில் அது பேருதவியாக இருந்தது. பின்னர் எண்முறை ஒளிபரப்பும் செட்டாப் பாக்ஸும் வந்தன. 2019 பிப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதுமுறை நடைமுறைக்கு வந்தது. 100 சேனல்கள் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக் கூடாது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல், வேண்டும் கட்டணச் சேனலைத் தனித்தனியே தெரிந்தெடுக்கலாம். ஒரு சேனலுக்கு ஒளிபரப்புவோர் குறிக்கும் உச்ச விலை கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் ஒன்றே. 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்றாயிற்று. 2024 ஜூலையில் அந்த அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பே நீக்கப்பட்டது. ஆகவே, இன்று ஒவ்வொருவரிடமும் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

தனித்தனியே தெரிந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? கட்டுக்கட்டாகத் தரும் தொகுப்பை வாங்கிக்கொண்டு, மொழியறியாச் சேனலுக்கும் முகமறியா ஆட்டத்துக்கும் காசு கொடுத்துக்கொண்டு, "என்ன செய்வது, விலைவாசி!" என்று பெருமூச்செறிகிறோம். செட்டாப் பாக்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. ஓரிடத்தில் வாங்கிய பெட்டி மற்றோரிடத்தில் வேலை செய்யாது. மாறினால் பழைய பெட்டி அலமாரிக்கு மேலே போய்த் தூசு தின்னும்! எனவே, மாறும் முன் எண்ண வேண்டும். மாறிய பின் எண்ணுவது வீண்.

இவ்வளவும் எழுதிக் கூட்டிக் கழித்து, கேபிள் விலை ஒருபுறம், டிஷ் விலை மறுபுறமாகக் கூடத்தில் வைத்தோம். ஆண்கள் மூவர் அமர்ந்து செய்திச் சேனல் எத்தனை, விளையாட்டுச் சேனல் எத்தனை என்று விவாதித்தோம். தொடர்கள் வரும் சேனலில் கை வைத்து, "இது எதுக்கு, வீண் செலவு" என்றார் தந்தையார். அப்போது தங்கை கேட்டாள்: "ஏண்ணே, இந்த வீட்டுல அதிகமா டி.வி. பாக்குறது யாரு? அம்மாதானே? அம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?"

கூடம் அமைதியாயிற்று. பதினாறு வயதுப் பெண் கேட்ட வினா, பட்டம் பெற்றவர் தீட்டிய பட்டியலில் இல்லை! நாளெல்லாம் வீட்டிலிருந்து, நான்கு பேருக்கு ஆக்கிப்போட்டு, பிற்பகல் ஒரு மணி நேரம் கால் நீட்டி அமர்பவர் அன்னையார். அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை போடுவோர் மூவர். அந்த மூவரில் அவர் இல்லை. பெண்ணுரிமை பற்றி மேடையில் முழங்குவது எளிது. ரிமோட்டைக் கையில் கொடுப்பது அரிது.

அன்னையாரை அழைத்துக் கேட்டோம். "எனக்கு என்ன தெரியும், நீங்களே பாத்து வைங்க" என்றார், வழக்கம்போல. விடவில்லை நாம். மீண்டும் கேட்டதும் சொன்னார்: "தம்பி, மாசக் காசு போன்ல அமுக்கிக் கட்டத் தெரியாது எனக்கு. கெட்டுப்போச்சுன்னா போன்ல ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சொல்லும், அதுவும் தெரியாது. வாசல்ல வந்து வாங்கிக்கிற ஆளு, கூப்பிட்டா வந்து பாக்குற ஆளு இருந்தா போதும்."

நம் ஏட்டில் அலைநீளம் இருந்தது, வரி இருந்தது, உச்சவரம்பு இருந்தது. இந்த ஒன்று இல்லை! பழுது நேர்ந்தால் யார் வருவார்? இந்நகரில் கேபிள்காரர் மூன்றாம் தெருவில் இருக்கிறார். ஏணியைச் சைக்கிளில் சாத்திக்கொண்டு தாமே வருகிறார். சம்பளம் தாமதமானால் ஐந்து நாள் பொறுக்கிறார். மேலும், அதே கம்பி வழியே இணையமும் தருகிறார். தங்கையின் படிப்புக்கு அது வேண்டும். வாடகை வீட்டு மாடியில் துளையிட வீட்டுக்காரரின் ஒப்புதல் கேட்கும் தொல்லையும் இல்லை. ஆகவே கேபிள் என்று முடிவாயிற்று. விண்ணப்பத் தாளில் பெயர் எழுதும் இடம் வந்தபோது தந்தையார் பேனாவை எடுத்தார். "அம்மா பேரை எழுதுங்கப்பா" என்றாள் தங்கை. சற்றே தயங்கினார், பின்னர் எழுதினார். மாதந்தோறும் இரசீது இப்போது அன்னையார் பெயரில் வருகிறது. ஒரு துண்டுக் காகிதந்தான். ஆனால், அதை அவர் மடித்து வைக்கும் பாங்கைக் கண்டோர் அதன் மதிப்பை அறிவர்.

கேபிளே சிறந்தது என்பதன்று நம் வாதம். நம் பாட்டியார் இருப்பது வயல்களுக்கு நடுவே, கேபிள் எட்டாத சிற்றூர். 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர். மாதக் கட்டணம் அவருக்குச் சுமை. அவர் வீட்டில் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்தோம். கிண்ணமும் பெட்டியும் வாங்கும் ஒருமுறைச் செலவோடு சரி, மாதப் பணம் இல்லை. தமிழ்ச் சேனல்கள் அதில் சிலவே. எனினும் செய்தியும் பாட்டும் போதும் என்கிறார் அவர். ஒரே குடும்பம், இரண்டு வீடு, இரண்டு விடை. இடம், தேவை, வருவாய் ஆகிய மூன்றும் மாறினால் விடையும் மாறும். மாறாத விடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பகுத்தறிவாகாது.

இந்நாட்டில் செயற்கைக்கோள் வழியே சிற்றூர்களுக்கு முதன்முதல் தொலைக்காட்சி வந்தது எதற்காக என்பதையும் நினைவிற்கொள்வோம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில், கோழிக்கூட்டுக் கம்பிவலையால் செய்த கிண்ணங்களை வைத்து, உழவும் உடல்நலமும் பள்ளிப் பாடமும் காட்டினார்கள். 2020இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, முந்தைய ஆண்டு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அரசு கேபிளில் 200ஆம் எண்ணில் பாடம் நடத்தியது. நம் தங்கை அதில் படித்தாள். பாட்டியார் ஊரில் கேபிள் இல்லா வீட்டுப் பிள்ளைகளோ, செல்போன் உள்ள வீடு தேடி வரப்பில் நடந்தனர். கம்பி எட்டாத இடத்தில் கல்வி எட்டவில்லை என்றால், கேபிளா டிஷ்ஷா என்பது பொழுதுபோக்குக் கேள்வி மட்டுமா?

இன்னொன்று. கேபிள் வைத்தாலும் காலையில் வருவது இராசிபலன். டிஷ் வைத்தாலும் வருவது அதே இராசிபலன்! 35,786 கிலோமீட்டர் உயரத்தில் கோளை நிறுத்திய அறிவியலின் முதுகில் ஏறிவந்து, கோள் சரியில்லை என்று மிரட்டுகிறார் சோதிடர்! அதைத் தடுக்கும் கருவி எந்த நிறுவனத்தாரிடமும் இல்லை. பார்ப்பவர் தலைக்குள்தான் இருக்கிறது.

எனவே தோழர்களே, வீட்டுக்கு இணைப்பு வாங்கும் முன் கேளுங்கள்: மழைக்கு எது தாங்கும்? மாதம் எவ்வளவு ஆகும்? பழுதானால் யார் வருவார்? பிள்ளைகளின் படிப்புக்கு எது உதவும்? இவற்றை நிறுவனத்தாரிடம் கேட்கும் முன்னர், அடுக்களையில் இருப்பவரிடம் சென்று, "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேளுங்கள். "எனக்கு என்ன தெரியும்" என்று அவர் சொல்வார். இன்னொரு முறை கேளுங்கள்.