வாசலில் மட்டும் அளந்தேன்



நேற்று என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வீடு பார்த்திருக்கிறானாம், அடுத்த வாரம் அட்வான்ஸ். "சார், இடத்தை அளந்து பார்க்கணுமா? விற்கிறவர் தெரிஞ்சவர்தான். சர்வேயரைக் கூட்டிட்டுப் போனா தப்பா நினைப்பாரோன்னு இருக்கு" என்றான். இதே தயக்கத்தால் நான் பட்டதைச் சொன்னேன். உங்களில் யாருக்காவது உதவும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

2009-ல் பி.எஃப். பணத்தோடு மனைவியின் நகைகளையும் போட்டு ஒரு பழைய வீடு வாங்கினோம். விற்றவர் உடன் வேலை பார்த்த ஆசிரியரின் உறவினர். பத்திரத்தில் 40 அடிக்கு 60 அடி, 2,400 சதுர அடி. வில்லங்கச் சான்று போட்டேன். தாய்ப்பத்திரம் பார்த்தேன். வக்கீலிடமும் காட்டினேன். எல்லாம் சரி. வாசல் பக்கம் நானே டேப் பிடித்தேன், சரியாக 40 அடி. பின்பக்கம்தான் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஏழு வருடம் கழித்து, கிழக்கே ஓடும் வாய்க்காலை அளக்கத் தாலுகா சர்வேயர் வந்தார். புலப்படத்தை வைத்து அளந்துவிட்டு, "எல்லைக்கல் உங்க பாத்ரூமுக்குள்ள வருது சார்" என்றார். பின்பக்க அகலம் 36½ அடிதான்!

28 வருடம் கணக்கு வாத்தியார் நான். 40-ஐயும் 36½-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 60-ஆல் பெருக்கினால் 2,295. எத்தனை பிள்ளைகளுக்குச் சரிவகம் நடத்தியிருப்பேன்! என் வீடே சரிவகம் என்று தெரியவில்லை.

105 சதுர அடி போனதுகூடப் பரவாயில்லை. அந்த மூலையில்தான் குளியலறையும் செப்டிக் டேங்கும். வாய்க்கால் புறம்போக்குக்கு எத்தனை வருடம் அனுபவித்தாலும் பட்டா கிடைக்காது. எங்கள் செலவிலேயே இடித்து, மறுபக்கம் கட்டினோம். அந்த ஐப்பசி மழையில் ஒரு மாதம் என் மனைவி குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தார். விற்றவரிடம் கேட்டேன். "நானும் இப்படியேதான் வாங்கினேன் சார்" என்றார். அவரும் அளக்கவில்லை.

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். சுவர் எங்கே நிற்கிறது என்று காட்டாது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இவற்றைச் செய்யுங்கள்:

1. பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து, பத்திரத்தில் உள்ள அளவோடும் நான்கு எல்லையோடும் ஒப்பிடுங்கள். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி.

2. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து நான்கு பக்கமும், மூலைவிட்டமும் அளக்கச் சொல்லுங்கள். கிணறு, செப்டிக் டேங்க், மாடிப்படி எல்லாம் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று குறிக்கச் சொல்லுங்கள்.

3. சந்தேகம் வந்தால், உரிமையாளரையே அரசு அளவைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் தகவல் கொடுத்துத்தான் அளப்பார்கள். பின்னால் தகராறு வராது.

மாணவனிடம், "நம்பிக்கை இல்லாம கேட்கல, பத்திரத்துல சரியான அளவு எழுதணும்னு சொல்லுப்பா. நல்ல மனுஷன் கோவிச்சுக்க மாட்டார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அளக்கிறார்கள். நானும் போகிறேன். இந்த முறை பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.