குரல் பிறக்கும் இடம்

கடல் கடந்து வாழும் உறவினரின் குரலைக் கேட்க நம் முன்னோர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், இன்று நமக்கு வாய்த்திருக்கும் வசதி வியப்புக்குரியது. விரலால் தொட்ட மாத்திரத்தில் பினாங்கும் துபாயும் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகின்றன. ஆயினும் குரலைக் கேட்பது வேறு. அதனைக் காத்து வைப்பது வேறு. இந்த உண்மையை நான் ஒரு தவறு செய்த பின்னரே உணர்ந்தேன்.

நாகூரில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து சிறிய பாட்காஸ்ட் ஒன்றை நடத்தி வருகிறேன். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற பெரியவர்களைப் பேட்டி கண்டு, அந்த ஒலிப்பதிவை இணையத்தில் வெளியிடுவதே அதன் பணி. கேட்போர் சில நூறு பேர். வருவாய் ஏதுமில்லை, எனவே செலவு செய்யவும் வழியில்லை.

பினாங்கில் வாழும் என் தாய்மாமாவை முதலில் பேட்டி கண்டேன். அவருக்கு வயது 84. 1955-ஆம் ஆண்டு, தம் பதினான்காம் வயதில், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிச் சென்றவர். அங்கே கடை வைத்திருந்த தம் வாப்பாவிடம் தொழில் பழகச் சென்றார். கணினியில் வீடியோ அழைப்பின் மூலம் பேசி, அந்த அழைப்பையே பதிவு செய்தேன். ஒரு மணி நேரம் உற்சாகமாகப் பேசினார். புறப்பட்ட நாளைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தழைந்தது. "வாசற்படியில் நின்றுகொண்டு உம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா, மருமகனே..." என்றார். அதற்குப் பின் வந்த சொற்கள் நீருக்குள் அமிழ்ந்தவை போல் சிதைந்து போயின.

நான் என்ன செய்தேன்? "மறுபடி சொல்லுங்கள் மாமா" என்று கேட்டிருக்க வேண்டும். கண்கலங்கிய முதியவரை இடைமறிக்க மனமின்றி, கேட்டுவிட்டவனைப் போலத் தலையசைத்தேன். பதிவில் இருக்கும் என்று நம்பினேன். பதிவிலும் அது இல்லை.

காரணத்தைத் தேடிப் படித்தேன். இணைய அழைப்பில் நம் குரல் சின்னஞ்சிறு பொட்டலங்களாகத் துண்டிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. உரையாடல் காத்திருக்க இயலாது என்பதால், தாமதமாக வரும் பொட்டலங்கள் கைவிடப்படுகின்றன. அந்த இடைவெளியை மென்பொருள் ஊகத்தால் நிரப்புகிறது. போதாக்குறைக்கு, இரைச்சலை நீக்கும் ஏற்பாடு சில வேளைகளில் தணிந்த குரலையும் இரைச்சலென எண்ணி அழித்துவிடுகிறது. மனிதன் நெஞ்சிலிருந்து பேசும்போதுதான் குரல் தணிகிறது. அந்த நேரம் பார்த்தே இயந்திரம் அதனைக் கைவிடுகிறது!

இதற்கு வானொலித் துறையினர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் எளிய தீர்வு ஒன்று உண்டு. பேசிக்கொள்வதற்கு மட்டுமே அழைப்பு. பதிவோ அவரவர் இடத்திலேயே. குரல் பிறக்கும் இடத்திலேயே அதனைப் பிடித்துவிட்டால், வழியில் சிதைவதற்கு ஏதுமில்லை. பின்னர் இரு பதிவுகளையும் ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரங்கள் கழித்து மாமாவிடம் தயங்கித் தயங்கி மீண்டும் கேட்டேன். "சொன்னதையே திரும்பச் சொன்னால் பாடம் ஒப்பிப்பது போலாகிவிடுமே" என்றார். எனினும் இசைந்தார். அவருடைய பேரன் அங்கே எனக்குக் கைகொடுத்தான்.

அங்கே இரண்டு கைப்பேசிகள் தேவைப்பட்டன. ஒரே கைப்பேசியில் அழைப்பும் பதிவும் ஒருசேர நடந்தால், பல கைப்பேசிகளில் பதிவு வெறும் மௌனமாகவே அமைந்துவிடும். ஆகவே ஒன்றில் அழைப்பு. விமானப் பயணத்துக்குரிய நிலையில் வைத்த மற்றொன்றில் பதிவு. பதிவுக் கைப்பேசியை மாமாவின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில், புத்தகங்களின் மேல் வைத்தோம். நேரெதிரே வைத்தால் 'ப' ஒலிக்கும்போதெல்லாம் மூச்சுக் காற்று மோதி வெடிக்கும். என் குரல் அவர் பதிவில் கலவாதிருக்க அவர் காதில் இயர்போன் பொருத்தினோம்.

நல்ல ஒலிக்குப் பாதிக் காரணம் கருவியன்று, அறையே. வெறுஞ்சுவர்களும் பளிங்குத் தரையும் உள்ள கூடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த மைக்கும் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலிக்கும். மெத்தையும் தலையணையும் கனத்த திரைச்சீலையும் உள்ள படுக்கையறை சாலச் சிறந்தது. துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்தால் இன்னும் நன்று. மின்விசிறியை நிறுத்தினோம், புழுக்கம் தாங்காதாகையால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. தெரு அடங்கியிருக்கும் வேளையாக, அவர்களுக்குக் காலை எட்டரை, நமக்கு ஆறு மணியாகத் தேர்ந்தோம்.

தொடங்குமுன் பத்து நொடி யாரும் பேசாதிருந்தோம். இந்த மௌனத்தை மாதிரியாகக் கொண்டே 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருள் அறையின் இரைச்சலைப் பின்னர் நீக்கும். அடுத்து மாமா ஒருமுறை பலமாகக் கைதட்டினார். அழைப்பின் வழியே அதனைக் கேட்ட கணத்தில் நானும் தட்டினேன். இரு பதிவுகளையும் ஏறக்குறையப் பொருத்துவதற்கு அதுவே அடையாளம். முடிவிலும் ஒருமுறை தட்டினோம்; இரு கருவிகளின் கடிகாரங்கள் நீண்ட நேரத்தில் சிறிது விலகக்கூடும், அதை அந்தக் கைத்தட்டல் காட்டிக்கொடுக்கும். சுருக்கப்படாத 'வேவ்' கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 345 மெகாபைட் வரும். பேரன் அதைக் கூகுள் டிரைவ் வழியே அனுப்பினான். என் பங்குக்கு ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான காலர் மைக் ஒன்று. மொத்தச் செலவே அவ்வளவுதான்.

இம்முறை கேள்வியை வேறு வாசல் வழியே தொடுத்தேன். "தகரப் பெட்டியில் என்னென்ன வைத்திருந்தீர்கள், மாமா?" இரண்டு சட்டை, ஒரு கைலி, ஊறுகாய் ஜாடி என்று எண்ணிக்கொண்டே வந்தவர், "பிறகு ஒரு கட்டுக் கடித உறை" என்று நிறுத்தினார். "ஆமாம், ஆமாம்" என்று குறுக்கிட்டுக் கெடுக்காமல் நான் வாய்மூடிக் காத்திருந்தேன். சிறிது நேரம் கழித்து, தாமாகவே அந்த வாசற்படிக்கு வந்து சேர்ந்தார்.

"உம்மா அழவில்லை. 'உன் வாப்பா பணம் அனுப்புவார். நீ கடிதம் அனுப்பு' என்றார்கள். அவ்வளவுதான்."

என் காதில் இப்போதும் அந்தச் சொற்கள் உடைந்தே விழுந்தன. ஆனால் மறுநாள் வந்த கோப்பில், அவர் எச்சில் விழுங்கிய ஓசைகூடத் தெளிவாக இருந்தது.

என் உம்மாவுக்கு இப்போது வயது 76. அண்ணன் கப்பலேறிய அன்று ஆறு வயதுக் குழந்தையாக உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர். இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "நானா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கிறது" என்றார். பிறகு, "உம்மா இப்படிச் சொன்னது எனக்கு இதுவரை தெரியாதே" என்று மெல்லச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார்.

முதல் முறை மாமா சொன்னதும் இதே சொற்கள்தாமா? நான் அறியேன், அறியவும் வழியில்லை. அந்தத் தலையசைப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

வாசக நேயர்களே! உங்கள் வீட்டிலும் தொலைதூரத்தில் ஒரு முதியவர் இருக்கக்கூடும். விலையுயர்ந்த கருவி வாங்கும் நாளுக்காகக் காத்திராதீர்கள். ஓர் அமைதியான அறையும், இரண்டு கைப்பேசிகளும், உதவ ஒரு பேரப்பிள்ளையும் போதும். அவர் சொல்வது உங்கள் காதில் விழவில்லையென்றால், கேட்டது போல் தலையசைக்காதீர்கள். கூச்சமின்றி மறுபடி கேளுங்கள்.