ஏழு மன்னர்களும் ஒரு மண்குதிரையும்

கிழக்கு லண்டனில் இல்ஃபோர்டைத் தாண்டினால் அடுத்த ரயில் நிலையம் செவன் கிங்ஸ். பெயருக்கு ஒரு கதை உண்டு. ஏழு சாக்சன் மன்னர்கள் இங்கே கூடி, ஓடையில் தங்கள் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்களாம். இடப்பெயர் ஆய்வாளர்களுக்கு அவ்வளவு தாராள மனசு இல்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே பதிவான பழைய வடிவத்தை வைத்து, செயோஃபெக்கா என்றொருவனின் கூட்டத்தார் குடியிருந்த இடமாக இருக்கலாம் என்கிறார்கள். யாரோ ஒருத்தன், காலப்போக்கில் ஏழு ராஜாவாகிவிட்டான்!

இதைத் தமிழ்நாட்டில் அளப்பு என்போம். யாழ்ப்பாணத்தார் புளுகு என்பார்கள். ரீல் விடுவது, கயிறு திரிப்பது, பில்டப் கொடுப்பது என்று பெரிதாகச் சொல்வதற்கு நம்மிடம் சொற்பஞ்சமே இல்லை. இலக்கணமும் அதற்கு ஆசனம் போட்டிருக்கிறது. தண்டியலங்காரம் அதிசய அணி என்று பெயர் வைத்து ஆறு வகை சொல்கிறது. ஆனால் உலக வரம்பை மீறக்கூடாது, சான்றோர் வியக்கவும் வேண்டும் என்று கடிவாளமும் போட்டுவிடுகிறது.

பெரிதாகச் சொல்பவனுக்கு உண்மை தெரியும். பெரிதென்று நம்பிவிட்டவனுக்குத் தெரியாது. இந்த இரண்டாவது சங்கதிக்கு ‘மிகைமதிப்பீடு’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதில் கோப்பு வாடை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘மலைபோல நம்பினேன்’ என்பார்கள், பெரும்பாலும் இறந்தகாலத்தில்தான். தன் பலத்தைக் கூட்டிக் கணக்கிட்டவனை ‘அகலக்கால் வைத்துவிட்டான்’ என்பார்கள். எனக்குப் பிடித்தது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதை. அது குதிரை அல்ல, ஆற்று மணல்மேடான ‘குதிர்’ என்று திருத்துபவர்கள் உண்டு. இருக்கட்டும். இறங்கிய பிறகுதான் தெரியும் என்பதில் இரண்டும் ஒன்றே.

செவன் கிங்ஸ் வழியே ஓடும் எலிசபெத் பாதையும் அப்படி இறங்கிப் பார்த்த கதைதான். லண்டன் நடுவே செல்லும் அதன் சுரங்கப் பகுதியை 2018 டிசம்பரில் திறப்பதாக வருஷக்கணக்கில் சொன்னார்கள். 2018 ஆகஸ்ட் கடைசியில்தான் முடியாது என்று அறிவித்தார்கள். நிலைய வேலைகள் பாக்கி. ஒரே ரயில் மூன்று வகை சிக்னல் முறைகளோடு பேச வேண்டியிருந்ததால் வெள்ளோட்டமும் இழுத்தது. நடத்தியவர்கள் பொய் சொன்னார்கள் என்பதைவிட, அந்தத் தேதியை நம்பினார்கள் என்றே எனக்குப் படுகிறது. நடைமுறைக்கு ஒவ்வாத தேதியை விடாமல் பிடித்திருந்தார்கள் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் எழுதியது. 1,480 கோடி பவுண்ட் என்று வரையறுத்த நிதி 1,800 கோடியைத் தாண்டியது. திறப்பு 2022 மே 24. அப்போதும் செவன் கிங்ஸ்காரர்கள் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி மாறித்தான் போனார்கள்; ஒரே வண்டியில் போக நவம்பர் 6 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

இந்த வியாதிக்குப் பிரிட்டிஷ் நிதியமைச்சகத்திடம் மருந்துச்சீட்டே உண்டு. திட்டம் போடுகிறவர்கள் செலவையும் காலத்தையும் குறைத்தும், பலனைக் கூட்டியும்தான் கணிப்பார்கள் என்று ஒப்புக்கொண்டு, மதிப்பீட்டில் அதற்கென்று முன்கூட்டியே ஏற்றிவைக்கச் சொல்கிறது. கல்யாணச் செலவுக் கணக்கில் நம் பெரியவர்கள் மேலே ஒரு கால்பங்கு போட்டுவைக்கச் சொல்வதும் இதுவேதான். 2009இல் எலிசபெத் பாதைக்கு வேலை தொடங்கியபோது அமைச்சகத்தின் அந்த விதி ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது.