சுப்ரா விரிப்பும் கப்பல் மேசையும்

அரபு மொழியில் ‘ஸஃபர்’ என்றால் பயணம். அதே மூலத்திலிருந்து பிறந்த சொல் ‘ஸுஃப்ரா’. வழிப்போக்கன் தன்னோடு கட்டிச் செல்லும் உணவுக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. பின்னர் அவ்வுணவைப் பொதிந்து செல்லும் தோலுக்கு அப்பெயர் வந்தது. இறுதியில், தரையில் விரித்து உண்ணும் விரிப்பு எதுவாயினும் அது ஸுஃப்ரா ஆயிற்று. நம் வீடுகளில் அதனையே ‘சுப்ரா’ என்கிறோம். இச்சொல்லின் வரலாற்றை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கி வந்திருக்கிறோம். ஆயினும் பயணத்துக்கும் பந்திக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை, 2024ஆம் ஆண்டில் ஒரு கப்பலின் உணவுக்கூடத்தில்தான் நாமே உண்மையாகப் படித்துக்கொண்டோம்.

சிங்கப்பூரில் பணிபுரியும் நம் மூத்த மகன், தாய் தந்தையரைக் கடற்பயணம் அனுப்பிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை கொண்டிருந்தான். உல்லாசக் கப்பல் என்ற பெயரே நமக்கு உவப்பாக இல்லை. ஆனால் அக்கப்பல் பினாங்குக்குப் போகிறது என்று அவன் சொன்னதும் மனம் இளகிவிட்டது. காரணம், நம் வாப்பா அவர்கள் தம் இளமையில் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ ஏறிப் பினாங்குக்குப் போய்ப் பிழைத்தவர்கள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அக்கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையே ஓடியது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலின் பயணம் 1985ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு முடிந்தது. கப்பல் வழி மறைந்தது. வானூர்தி வழி வந்தது. வாப்பா கடந்த கடலை ஒருமுறையேனும் கண்ணால் காணவேண்டும் என்ற ஆவல் நம்மிடம் இருந்தே வந்தது.

வாப்பா அவர்கள் சென்றது தளத்துப் பயணியாக. அறை கிடையாது, பாய்தான் அறை. இரவு மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கவேண்டும். அலை கடுமையாயின் பாதிப்பேர் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். ஆயினும் அப்பயணத்தைப் பற்றி அவர்கள் சொல்லும்போதெல்லாம் முகம் மலர்ந்துவிடும். காரணம் ஒரு தாம்பாளம். அறிமுகமில்லாத நால்வர், கொண்டுவந்த ஊறுகாயையும் கருவாட்டையும் ஒன்றாய் வைத்து, அத்தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்து உண்டார்கள். அந்நால்வரில் ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பெருநாள்தோறும் வாப்பாவுக்குக் கடிதம் எழுதிவந்தார். அக்கடிதங்களை நாம் சிறுவயதில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறோம்.

மேல்நாட்டுக் கப்பல்களிலும் இப்படியொரு பந்தி இருந்திருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தோம். 1842ஆம் ஆண்டில் ‘பிரிட்டானியா’ கப்பலில் அமெரிக்கா சென்ற சார்லஸ் டிக்கன்ஸ், அதன் ஒடுங்கிய கூடத்தையும் நீண்ட மேசையையும் பற்றிக் குறைபட்டு எழுதியிருக்கிறார். அக்காலக் கப்பல்களில் பலரும் நீண்ட மேசைகளில் தோளோடு தோள் உரச அமர்ந்தே உண்டனர். நாற்காலிகள் தரையோடு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். அலையில் தட்டுகள் உருண்டோடாமல் மேசை விளிம்பில் மரச்சட்டம் பொருத்துவார்கள். 1905ஆம் ஆண்டில் ‘அமெரிக்கா’ என்னும் ஜெர்மானியக் கப்பலில், தனிக் கட்டணம் கொடுத்து விரும்பிய நேரத்தில் விரும்பியதை உண்ணும் உணவகம் ஒன்று திறக்கப்பட்டது. செல்வர்க்கென வந்த அந்த வழக்கம் 1912ஆம் ஆண்டின் ‘டைட்டானிக்’ கப்பலிலும் இருந்தது.

ஆயினும் பொதுவான முறை நெடுங்காலம் மாறவில்லை. மாலை ஆறு மணியளவில் ஒரு பந்தி. எட்டரை மணியளவில் மற்றொரு பந்தி. ஆறு பேரோ எட்டுப் பேரோ அமரும் மேசை. பயணம் முடியும்வரை அதே மேசை, அதே இருக்கை, அதே முகங்கள், அதே பரிமாறுவோர். முதல் நாள் அந்நியராய் அமர்ந்தவர்கள் கடைசி நாள் முகவரி மாற்றிக்கொண்டு பிரிவார்கள்.

2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் இம்முறையை நீக்கி, எந்த நேரத்திலும் எந்த மேசையிலும் யாரோடும் அமரலாம் என்னும் புதுமுறையை அறிமுகப்படுத்திற்று. மற்ற நிறுவனங்களும் ஏதோ ஒரு வடிவில் அதனைப் பின்பற்றின. கரையிறங்கிச் சுற்றிப் பார்ப்போர்க்கு மணி பார்த்துத் திரும்புவது தொல்லை. அந்நியரோடு அமர்வது பலருக்குக் கூச்சம். தனிக் கட்டண உணவகங்கள் பெருகுவதோ நிறுவனத்துக்கு இலாபம். 2014ஆம் ஆண்டில் வந்த ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் பெரிய உணவுக்கூடத்தையே சிறு சிறு உணவகங்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். பழைய முறைக்குப் பழகிய பயணிகள் முணுமுணுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. பந்தியின் பிடி அவ்வளவு எளிதில் தளரவில்லை.

பிறகு வந்தது பெருநோய். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,700க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் 700க்கும் மேற்பட்டோரை நோய் பற்றியது. மார்ச் மாதத்தில் உலகெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, அந்நியரை அருகருகே அமர்த்துவது ஆபத்தாகக் கருதப்பட்டது. அச்சத்தால் பிரித்த மேசைகள், அச்சம் நீங்கிய பின்னும் பல கப்பல்களில் பிரிந்தே நின்றன.

நாம் ஏறிய கப்பலில் இரு முறைகளும் இருந்தன. நம் மகன் பழைய முறையையே நமக்குப் பதிவு செய்திருந்தான். “உங்களுக்குப் பேச்சுத் துணை வேண்டும் வாப்பா” என்றான். மெரீனா பே துறையில் ஏறிய முதல் மாலை, ஆறு பேருக்கான வட்டமேசைக்கு நம்மையும் நம் துணைவியாரையும் அழைத்துச் சென்றார்கள். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியைகளான சிங்கப்பூர்ச் சீனச் சகோதரிகள் இருவர் இருந்தனர். எதிரே எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆஸ்திரேலியர் ஒருவர். ஆறாவது நாற்காலி காலி.

நமக்கு மீனும் காய்கறியும் என்று முன்னரே சொல்லி வைத்திருந்தோம். பேச்சு மெல்லத் தொடங்கிற்று. சீனச் சகோதரிகளில் மூத்தவர் கொஞ்சம் மலாய் கலந்து பேசியதில் நம் துணைவியார் எதைப் புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தனர். அந்த முதியவர் நம் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்திப் பேசினார். இரயில்வேயில் வேலை பார்த்தவராம். அவரும் அவர் மனைவியும் முப்பது ஆண்டுகள் இத்தகைய மேசைகளில் அமர்ந்து பயணம் செய்தார்களாம். அவ்வாறு கிடைத்த நண்பர்கள் நான்கு நாடுகளில் இருக்கிறார்களாம். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள். “இப்போது எங்கே போனாலும் இருவர் மேசையில்தான் அமர்த்துகிறார்கள்; எதிரே ஒரு வெறும் நாற்காலி” என்றார். பங்கு மேசை இன்னும் இருக்கிறது என்று கேட்டறிந்தே இக்கப்பலைத் தேர்ந்தாராம்.

அப்போது அவர் முன் ஒரு மதுக் கிண்ணம் இருந்தது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமரலாகாது என்ற நபிமொழியை ஓதிக் கொடுப்பவர்கள் நாம். முதல் நாள் பொறுத்தோம். இரண்டாம் நாள் ஒரு குப்பியே மேசையின் நடுவில் வந்து நின்றது. நமக்கு உணவு இறங்கவில்லை. முகமன் கூறி விரைவில் எழுந்தோம். வெளியே வந்து, உணவுக்கூட மேலாளரிடம் இருவருக்கான தனி மேசை கேட்டோம். காரணம் எதுவும் அவர் கேட்கவில்லை. கையிலிருந்த கருவியில் விரலை இரண்டு முறை தட்டினார், காரியம் முடிந்தது. ஒரு பந்தியிலிருந்து எழுந்து போவது இத்தனை எளிதா என்று அப்போதே சற்று வியந்தோம்.

மூன்றாம் நாள் சாளரத்தோரம் நமக்கு இருக்கை. அடுத்த மேசைக்கும் நம் மேசைக்கும் ஒரு முழம் இடைவெளி. பக்கத்தில் அமர்ந்தவர்கள் மெல்லும் ஓசைகூடக் கேட்டது. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்து, நம் துணைவியார் கைபிடித்த கரண்டியைக் கீழே வைத்தார். அவர் பார்த்த திசையில் நாமும் பார்த்தோம். சீனச் சகோதரிகள் அன்று வேறு உணவகத்துக்குப் போயிருந்தார்கள் போலும். ஆறு பேர் மேசையில் அம்முதியவர் தனியே அமர்ந்திருந்தார். பரிமாறும் இளைஞர், யாரும் வராத ஐந்து இடங்களிலிருந்து தட்டுகளையும் கரண்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொண்டிருந்தார். முதியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் குப்பியை எடுத்து வைத்திருக்கமாட்டாரா?” என்றார் நம் துணைவியார். நம்மிடம் விடை இல்லை.

நான்காம் நாள் மாலை அவரைத் தேடினோம். மேசை வெறுமையாக இருந்தது. தம் அறைக்கே உணவை வரவழைத்துக்கொண்டார் என்று அந்த இளைஞர் சொன்னார். கப்பல் கரை சேர்ந்த காலையில்தான் சிற்றுண்டிக் கூடத்தில் அவரைக் கண்டோம். தேநீரோடு அவர் எதிரே அமர்ந்து, எழுந்து போன காரணத்தை உள்ளபடியே சொன்னோம். அவர் சினக்கவில்லை. “முதல் இரவே சொல்லியிருக்கலாமே, எனக்குத் தேநீரே போதும்” என்றார். பிறகு, “நான் ஏதோ தவறாகப் பேசிவிட்டேன் என்றல்லவா எண்ணினேன்” என்றார். அரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். அதற்குள் இறங்குவதற்கான அறிவிப்பு வந்துவிட்டது.

வாசகர்கள் நம்மைத் தவறாகக் கொள்ளலாகாது. அந்த மேசையை விட்டு விலகியதற்காக நாம் வருந்தவில்லை. விலகிய விதத்துக்காக வருந்துகிறோம். சொல்லிவிட்டு விலகியிருந்தால், விலகவே நேர்ந்திராது. மார்க்கம் கேட்டது மதுவிடமிருந்து விலகுவதை. நாம் விலகியது மனிதரிடமிருந்து.

ஸூரத்துந் நூரின் 61ஆம் வசனம், சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்று அனுமதி அளிக்கிறது. அதன் விரிவுரையில் முஃபஸ்ஸிர்கள் ஒரு செய்தியைக் குறிப்பிடுவார்கள். அரபுக் குலத்தார் சிலர், துணைக்கு ஒருவர் வராமல் தனியே உண்பதைப் பாவமாகவே கருதி, உணவை முன்னே வைத்துக்கொண்டு பசியோடு காத்திருந்தார்களாம். அவர்களுடைய இடர் தீரவே அந்த அனுமதி வந்தது என்பார்கள். சேர்ந்துண்பதில் பரக்கத் இருக்கிறது என்பதும் நபிவழி. ஆக, தனித்து உண்ணத் தடையில்லை. ஆனால் அது காத்திருந்து துணை கிடைக்காதவனுக்குக் கிடைத்த சலுகை. நாமோ துணை எதிரே இருக்கும்போதே அச்சலுகையைக் கையிலெடுத்துக் கொள்கிறோம். கப்பல் நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனென்ன? கேட்டவர்க்குத்தானே அவை தனி மேசை கொடுத்தன!

ஊருக்குத் திரும்பியதும் இன்னொன்று நினைவைக் குத்திற்று. நம் ஊர்த் திருமணங்களில் ஸஹன் வைப்பது வழக்கம். ஒரு ஸஹனில் மூவர், நால்வர் சேர்ந்து உண்பார்கள். செல்வரும் கூலியாளும் ஒரே தட்டில் கைநனைப்பார்கள். 2021ஆம் ஆண்டில் நம் மகளின் திருமணத்தில், நோய் அச்சத்தால் ஸஹனை நிறுத்தி மேசை நாற்காலியும் தனித் தட்டும் வைத்தோம். அன்று அது முறையே. ஆனால் 2023ஆம் ஆண்டில் இளைய மகன் திருமணம் வந்தபோது, அச்சம் அகன்றிருந்தும் தனித் தட்டே வைத்தோம். வசதியாக இருந்தது, அவ்வளவுதான். கப்பற்காரர்கள் செய்ததையே நாமும் செய்திருக்கிறோம்.

நம் தெருவில், கட்டுமரம் ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மனைவி மறைந்துவிட்டார், பிள்ளைகள் வளைகுடாவில். பக்கத்து வீட்டிலிருந்து வரும் தூக்குச் சட்டியைத் திறந்து தனியே உண்பவர். நம் மகளின் திருமணத்தன்று அவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, “ஸஹன் இல்லையா தம்பி?” என்று ஒருமுறை கேட்டார். அக்கேள்வியை அன்று நாம் உணவைப் பற்றிய கேள்வியாகக் கொண்டோம்.

திரும்பி வந்த வாரத்து வெள்ளிக்கிழமை, ஜுமுஆவுக்குப் பின் அவரை அழைத்து வந்தோம். நம் துணைவியார் பெட்டியின் அடியிலிருந்து வாப்பாவின் பழைய சுப்ராவை எடுத்து விரித்தார். ஒரே ஸஹனில் சோறு வந்தது. பெரியவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைவைத்தவர், மீனின் நல்ல துண்டைப் பிய்த்து நம் பக்கம் ஒதுக்கினார். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் அவர் வருகிறார். வர நேரமானால் நாம் காத்திருக்கிறோம்.