கரையொதுங்கும் உயிர்கள்

பாம்பனை ஒட்டி வாழும் எங்களுக்குக் கடல் இரண்டு. பாக்கு நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் அழைப்பது எம்மூர் வழக்கு. வாடைக்காற்று வீசும் திங்கள்களில் வடகடல் சீறும். தென்கடல் குளம்போல் கிடக்கும். கச்சான் எழுந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். எந்தக் கடல் சீறினாலும் அதன் கரையில் எங்களுக்கு அலுவல் உண்டு. வலையில் சிக்கிய ஆமை, கரைக்கு வந்து தத்தளிக்கும் ஓங்கில், சிறகொடிந்த கடற்பறவை என ஏதேனும் ஒன்று அங்கே கிடக்கும்.

நாங்கள் என்றதும் பெரிய அமைப்பு என்று எண்ணிவிட வேண்டா. பெயர்ப்பலகையோ பதிவு எண்ணோ எங்களுக்கு இல்லை. பள்ளி ஆசிரியர் இருவர், வலை பின்னும் பெரியவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், கோழிக்கடை வைத்திருப்பவர் ஒருவர். கோழிக்கடைக்காரர் உயிர் காக்கப் புறப்பட்டதை ஊரார் நகைப்பதுண்டு. அவரும் உடன் சேர்ந்தே நகைப்பார். ஒரு கத்தி, நான்கு கோணிச்சாக்கு, ஒரு தார்ப்பாய், டார்ச் விளக்கு, கைபேசி, இவையே எங்கள் கருவிகள். அடிபட்ட மாடும் நாயுமாயின் 1962 என்ற எண்ணை அழைத்துக் கால்நடை ஊர்தியை வரவழைத்துவிடலாம். கடல் உயிர்களின் நிலை வேறு. ஆமையும் ஆவுளியாவும் ஓங்கிலும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் இருப்பவை. வனத்துறையினருக்குத் தெரிவித்துவிட்டு, அவர்கள் வந்து சேரும்வரை உயிர் போகாமல் பார்த்துக்கொள்வதே எங்களால் ஆவது.

சனவரி பிறந்துவிட்டால் உறக்கம் குறைந்துவிடும். பஞ்சலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கத்து மணலில் விடியுமுன் வனப் பணியாளர்களோடு நடந்தால், உழுசால் போன்ற தடம் கடலிலிருந்து மேலேறித் திரும்பியிருப்பதைக் காணலாம். தடத்தின் தலைப்பில் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைகள் அளவில் இருக்கும். நாயும் நரியும் தோண்டுமுன் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்க வேண்டும். அதுவும் சில மணி நேரத்திற்குள், முட்டையைப் புரட்டாமல் செய்ய வேண்டும். கரு ஓட்டில் ஒட்டிய பின் புரட்டினால் இறந்துவிடும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அகநானூற்றின் 160ஆம் பாடலில் தாய் ஆமை மணலில் புதைத்த முட்டைகளை ஆண் ஆமை காத்து நிற்பதாக நப்பசலையார் பாடியிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். புதைத்து மறைக்கும் முறையை அவர் எத்துணை நுட்பமாகக் கண்டிருக்கிறார்! ஆயின் காவல் நிற்கும் அந்தக் கணவனை மட்டும் இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கண்டதில்லை. முட்டையிட்ட தாயும் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறது. காவற்பணி எங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

வலையில் நெடுநேரம் சிக்கிய ஆமை அசைவற்றுக் கிடக்கும். செத்தது என்று கடலில் எறிந்துவிடுவர். பல வேளைகளில் அது சாகவில்லை. நுரையீரலில் நீர் புகுந்து மயங்கியிருக்கிறது. எறிந்தால்தான் சாகும். வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பாகத்தை அரையடி உயர்த்தி, ஈரச்சாக்கால் ஓட்டைப் போர்த்தி, நிழலில் விட்டுவிட வேண்டும், மல்லாத்துதல் கூடாது. நான்கு மணி நேரத்திலும் எழலாம், ஒரு நாள் கழித்தும் எழலாம். ஒருமுறை பழைய டயர் மேல் சாய்த்து வைத்த ஆமையைக் காவல் காத்த பிள்ளைகள், லுஹர் தொழுகைக்குப் பின் நம்பிக்கை இழந்துவிட்டனர். அஸருக்குச் சற்று முன் அது வாய் திறந்து பெருமூச்சு விட்டது. அந்த மூச்சொலி இன்றும் எங்கள் செவியில் இருக்கிறது. ஆயினும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: நாங்கள் காப்பாற்றியவற்றைவிடப் புதைத்தவையே மிகுதி.

சில வேளைகளில் மனித முயற்சி முழுதும் வீணாவதும் உண்டு. எங்களுக்குத் தெற்கே மணப்பாடு பகுதிக் கரையில் 1973 சனவரியில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. அதே கரைப் பகுதியில் 2016 சனவரியில் மீண்டும் எண்பதுக்கு மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர் இரவு பகலாய் ஆழத்திற்கு இழுத்துச் சென்று விட்டவற்றுள்ளும் பல கரைக்கே திரும்பின. கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பே அவற்றுக்குக் கூற்றாயிற்று.

ஆவுளியாவின் கதை வேறு. கடற்பசு என நூல்கள் குறிப்பிடும் இவ்விலங்கு, எம்மவர் தாழை எனும் கடற்புல்லை மேய்ந்து வாழ்வது; நானூறு கிலோ எடை வரை வளர்வது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலை பிடித்துக்கொண்டால் மூழ்கி இறந்துவிடும். சூல்காலம் ஓராண்டுக்கு மேல். ஈன்றால் ஒரே கன்று. அடுத்த கன்றுக்குப் பல்லாண்டுகள் ஆகும். ஒன்றை இழந்தால் ஈடு செய்தல் எளிதன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நன்று. ஆனால் காப்பகத்தின் எல்லை ஆவுளியாவுக்குத் தெரியாது. அதைக் கடலில் முதலில் சந்திப்பவர் மீனவரே.

ஒருநாள் சுபுஹுக்கு முன் கைபேசி ஒலித்தது. வடகடலில் திருக்கை வலை இழுத்துக்கொண்டிருந்த இளைஞர் பேசினார்.

"காக்கா, ஆவுளியா மாட்டியிருக்கு. மூச்சு விடுது. என்ன செய்ய?"

"மூக்கைத் தண்ணிக்கு மேலே தாங்கிப் பிடிச்சுக்கிட்டு வலையை அறுங்க தம்பி. படகுல ஏத்த வேணாம்."

சற்று நேரம் அலையோசை மட்டுமே கேட்டது. "வலை கடனுக்கு வாங்குனது காக்கா."

நாங்கள் என்ன மறுமொழி கூறுவது? கரையில் நின்று அறிவுரை கூறுவோர்க்கு ஒரு முழம் வலையும் நட்டமில்லை. இறந்த ஆவுளியாவோடு கரை சேர்ந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சி யாருக்கும் சொல்லாமல் நழுவவிட்டோரும் உண்டு. உயிரோடு விடுவித்தவர்களை வனத்துறை பாராட்டி ஊக்கத்தொகை வழங்குவது உண்மையே. அது வரும்வரை அடுப்பு எரிய வேண்டுமே! பாராட்டுச் சான்றிதழுக்கு முன்னால் வலைக்கு ஈடு அன்றே கிடைக்குமாயின், ஒளிக்க வேண்டிய தேவையே இராது என்பது எங்கள் கருத்து.

அந்தத் தம்பி அறுத்தார். விடுபட்டது உடனே போய்விடவில்லை என்றும், அருகில் சிறிய முதுகு ஒன்று தெரிந்தபின் இரண்டும் சேர்ந்தே மூழ்கின என்றும் பின்னர்க் கூறினார். வலையில் மூன்றிலொரு பங்கு போயிற்று; பன்னிரண்டு நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. செய்தியறிந்த ஜமாஅத்துப் பெரியவர்கள் ஜும்ஆவுக்குப் பின் துண்டேந்தினர். பாதித் தொகை சேர்ந்தது. மீதிப் பாதிக்கு எங்கள் வலை பின்னும் பெரியவர் கூலி வாங்காமல் தம் கையாலேயே கண்ணி போட்டுக் கொடுத்தார்.

இன்னொரு முறை மாட்டினால் என்ன செய்வாய் என்று அவர் அந்தத் தம்பியைக் கேட்டார்.

"அறுப்பேன் மாமு. நீங்க உசுரோட இருக்கணும், அவ்வளவுதான்."