மச்சம் என்றொரு சொல்

பலபொருள் ஒருசொல்லுக்கு எடுத்துக்காட்டாகக் கல்லூரியில் நாங்கள் 'மா' என்பதையே கற்பிப்போம். வாழ்க்கை எங்களுக்குக் கற்பித்த எடுத்துக்காட்டு 'மச்சம்'. குழந்தையின் உடலில் தோன்றும் செந்நிறக் குறிகள் அனைத்தையும் நம்மவர் இவ்வொரு சொல்லுள் அடக்கிவிடுகின்றனர். காரணம் கேட்டாலோ, கிரகணத்தன்று வெளியே வந்த தாயின்மீது பழி விழும்.

குன்னூரில் எங்கள் மகள் பிறந்தபோது முகத்தில் குறியேதும் இல்லை. மூன்றாம் வாரத்தில் மேலிமையில் தோன்றிய செம்புள்ளி, இரண்டே மாதத்தில் கோவைப்பழச் சிவப்பில் தடித்துக் கண்ணை மறைக்கலாயிற்று. "போகப் போகத் தானே வத்திடும்" என்றனர் பெரியவர்கள். அது பொய்யன்று. ஹீமாஞ்சியோமா எனப்படும் இந்த இரத்தக்குழாய்க் கட்டி முதற்சில மாதங்களில் விரைந்து வளர்ந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பெரும்பாலானவற்றிற்கு மருந்தே வேண்டுவதில்லை. ஆனால், மூடிய கண் பார்க்கக் கற்பதில்லை.

மலையிறங்கிக் கோயம்புத்தூர் சென்றோம். புரோப்ரனோலால் கொடுத்தார்கள். அது இதய நோய்க்கான மருந்து. அதனை உட்கொண்ட குழந்தைகளுக்கு இக்கட்டி சுருங்குவதைத் தற்செயலாகக் கண்ட பிரான்சு நாட்டு போர்தோ மருத்துவர்கள் 2008இல் அதனை வெளியிட்டனர். இரத்தச் சர்க்கரை தாழக்கூடுமாதலால் பாலூட்டிய பின்னரே கொடுக்க வேண்டும். சில மாதங்களில் எங்கள் மகளின் கண் முழுதாகத் திறந்தது.

செய்தி அறிந்து தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு தாய் வந்தார். "சார், பாப்பாவுக்குக் கொடுத்த மருந்துப் பேரை எழுதிக் கொடுங்க." மகனின் நெற்றியிலும் மேலிமையிலும் ஊதா கலந்த சிவப்புப் படர்ந்திருந்தது. மருத்துவர் எங்களிடம் கேட்டதையே அவரிடம் கேட்டோம்: பிறக்கும்போதே இருந்ததா? குழந்தையைவிட விரைந்து வளர்கிறதா?

"பொறந்தப்பவே இருந்துச்சு சார். அவன்கூடவேதான் வளருது."

இது கட்டியன்று, நுண்குழாய்களின் அமைப்பிலேயே நேர்ந்த பிறழ்வு. தானே மறையாது, அந்த மருந்துக்கும் கட்டுப்படாது. இவ்விரண்டையும் 1982இல் மல்லிக்கன், குளோவாக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் தெளிவுறப் பிரித்துக் காட்டினர். நெற்றியிலும் இமையிலும் படரும் வகை மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடும் என்பதால், உடனே பரிசோதிக்கச் சொன்னோம். அவனுக்குக் கண்ணழுத்தம் உயர்ந்திருந்தது, சிகிச்சை தொடங்கிற்று. லேசரால் நிறம் வெளிறியது, முற்றிலும் மறையவில்லை.

கருவில் தற்செயலாய் நேரும் மரபணு மாற்றமே இதற்குக் காரணம் என 2013இல் தெரியவந்தது. பெற்றோர்வழி வருவதன்று, கிரகணத்தால் வருவதுமன்று. இதனைச் சொன்னபோதுதான் அந்தத் தாய் அழுதார். மருந்தின் பெயரைவிட அவருக்குத் தேவைப்பட்டது அதுவே போலும்.